மொழி யந்திரமும் நமது மனுக்களும்

கம்ப்யூட்டருக்குத் தமிழில் ஒரு கட்டளை எழுதினால், அரை நிமிஷத்தில் அது தமிழிலேயே ஒரு பக்கம் விடை எழுதித் தரும் காலம் வந்துவிட்டது. 2022-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 30-ந் தேதி சாட்ஜிபிடி என்னும் யந்திரம் பொதுஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது முதல், கடிதம், மொழிபெயர்ப்பு, பிரசங்கம், துண்டுப் பிரசுரம் ஆகிய எல்லாவற்றுக்கும் இவ்வித யந்திரங்களை நாடுவோர் தொகை நாளுக்கு நாள் பெருகி வருகின்றது. இதனை நன்மை என்பாரும் உண்டு, தீமை என்பாரும் உண்டு. அவ்வாதத்தில் நாம் இன்று இறங்கப் போவதில்லை. பொது ஊழியத்தில் ஈடுபட்டுள்ள நமது நேயர்களுள் பலர் இதனைக் கையாளத் தொடங்கிவிட்டனர் என்பது நமது காரியாலயத்திற்கு வரும் கடிதங்களிலிருந்தே தெரிகிறது. சங்கத்தின் தீர்மானம், கிராமத்தின் மனு, இலாகாவுக்கு விண்ணப்பம் என்று வருபவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. நடை வழுக்கிக்கொண்டு போகிறது. படித்து முடித்தபின் எந்த ஊரில் யாருக்கு என்ன குறை என்பது விளங்குவதில்லை. இக்குறைக்குக் காரணம் யாது, அதனை நீக்கும் வழி யாது என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம்.

யந்திரத்திற்கு நாம் எழுதும் கட்டளையை ஆங்கிலத்தில் 'பிராம்ப்ட்' என்கின்றனர். ஏவல் என்ற நமது சொல் இதற்கு நன்கு பொருந்துமாதலால் அதனையே இங்கு கையாளுகிறோம். ஏவுகிறவன் ஒருவன், ஏவப்படுவது ஒன்று என்ற வித்தியாசம் இச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. ஏவுகிறவனுக்குத் தன் கருத்துத் தெளிவாக இராவிடில், ஏவப்படுவது எவ்வளவு வல்லமை உடையதாயினும் என்ன பயன்?

இந்த யந்திரம் வேலை செய்யும் விதத்தைச் சிறிதேனும் அறிந்துகொள்ளுதல் அவசியம். 2017-ஆம் வருஷத்தில் கூகிள் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரையில் 'டிரான்ஸ்பார்மர்' என்னும் அமைப்பு விவரிக்கப்பட்டது. இன்று வழங்கும் மொழி யந்திரங்களுள் பெரும்பாலானவை அதன் வழி வந்தவையே. ஏராளமான நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் கிடக்கும் எழுத்துக்களையும் கொண்டு, ஒரு தொடருக்குப் பின் எந்தச் சொல் வரத் தகும் என்று கணிக்கும்படி அவை பழக்கப்படுகின்றன. ஆகவே, தன் முன் வைக்கப்பட்ட எழுத்து எதுவோ, அதற்கு இசைந்ததையே யந்திரம் பின்னால் எழுதும். ஏவலில் விவரம் இருந்தால் விடையிலும் விவரம் இருக்கும். ஏவல் வெறுமையாக இருந்தால், எல்லா ஊருக்கும் பொருந்துகிற பொது வார்த்தைகளால் அது இடத்தை நிரப்பிவிடும். அதனிலும் கேடு யாதெனில், இல்லாத பெயரையும் எண்ணையும் தேதியையும் உண்மை போலவே எழுதிவிடுவதும் உண்டு. தானே இணையத்தில் தேடிப் பார்க்கும் வசதி இப்போது சில யந்திரங்களுக்கு ஏற்பட்டிருக்கிறது. எனினும் இக்குணம் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை.

வக்கீலிடம் வரும் கட்சிக்காரரை நினைத்துப் பாருங்கள். "ஐயா, எனக்கு அநியாயம் நடந்துவிட்டது, ஒரு பிராது எழுதுங்கள்" என்று வருகிறார். தேர்ந்த வக்கீல் உடனே பேனாவை எடுப்பதில்லை. நிலத்தின் சர்வே நம்பர் என்ன, பத்திரம் எங்கே, எதிரி எந்தத் தேதியில் நுழைந்தான், பார்த்தவர் யார், உங்களுக்கு வேண்டுவது நிலமா நஷ்ட ஈடா என்று ஒரு மணி நேரம் துருவித் துருவிக் கேட்கிறார். அந்த விசாரணையில்தான் வழக்கு உருவாகிறது. எழுதுவது பிறகு வரும் வேலை. யந்திரமோ பெரும்பாலும் திரும்பக் கேட்பதில்லை. "பிராது எழுது" என்றவுடன் எழுதிவிடுகிறது. வக்கீல் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளையெல்லாம் கட்சிக்காரரே தம்மைத் தாம் கேட்டுக்கொள்ள வேண்டிய பொறுப்பு இதனால் ஏற்படுகிறது. ஏவல் எழுதும் வித்தை என்று பெரிதாகப் பேசப்படுவதன் சாரம் முக்காலும் இதுவே.

ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு கிராமத்து ஏரியில் தூர் வாரியதாகப் பலகை நாட்டியிருக்கிறது. ஏரியில் வண்டல் அப்படியே கிடக்கிறது. ஊழியர் ஒருவர் யந்திரத்திடம், "எங்கள் ஏரி ஊழல் பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு எழுதித் தா" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீர்நிலைகளின் மகிமை பற்றி ஒரு பாரா, விவசாயிகளின் துயரம் பற்றி ஒரு பாரா, "ஏன் தூர் வாரவில்லை? இதற்குப் பொறுப்பு யார்? என்ன நடவடிக்கை எடுப்பீர்கள்?" என்று பத்துக் கேள்விகள் வந்து விழும். பார்வைக்கு வீரமாக இருக்கும். ஆயின் அந்த மனுவால் ஒரு காகிதமும் கைக்கு வராது.

ஏன் என்று கேட்கலாம். 2005-ஆம் வருஷத்துச் சட்டம் நமக்குத் தருவது, அதிகாரியிடம் ஏற்கனவே உள்ள தஸ்தாவேஜைப் பெறும் உரிமை. புதிதாக ஒரு அபிப்பிராயத்தையோ விளக்கத்தையோ உண்டாக்கித் தரும் கடமை தகவல் அதிகாரிக்கு இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2011-ஆம் வருஷத்தில் தெளிவாகக் கூறியிருக்கிறது. 'ஏன்' என்ற கேள்விக்கு, "கேட்பது தகவல் அன்று" என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். 30 நாள் வீணாகும். மதிப்பீட்டின் நகல், வேலை உத்தரவின் நகல், அளவுப் புத்தகத்தின் நகல், பணம் கொடுத்த பட்டியலின் நகல் என்று கேட்டால் அதிகாரி அவ்விதம் தட்டிக் கழிக்க முடியாது. வேலையை நேரிற் சென்று பார்வையிடும் உரிமையையும் அச்சட்டத்தின் 2-வது பிரிவே கொடுத்திருக்கிறது. இதனை அறிந்தவன் எழுதும் ஏவல் பின்வருமாறு இருக்கும்:

"நான் இன்ன தாலூகா, இன்ன கிராமத்து விவசாயி. எங்கள் ஏரியில் தூர் வாரியதாக நாட்டப்பட்ட பலகையில் கண்ட வாசகம் இது, தொகை இது, தேதி இது. இரண்டாவது மதகுக்கு எதிரே மண் எடுக்கப்படவில்லை என்பதை நான் நேரில் பார்த்தேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6-வது பிரிவின்படி, இன்ன அலுவலகத்தின் பொதுத் தகவல் அதிகாரிக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுது. நான் கீழே குறித்துள்ள நான்கு தஸ்தாவேஜுகளின் நகலையும், வேலையைப் பார்வையிட அனுமதியையும் மட்டும் கேள். காரணம் கேட்காதே, எவர் மீதும் குற்றம் சாட்டாதே. நான் சொல்லாத பெயர், எண், தேதி எதனையும் சேர்க்காதே. தெரியாத இடத்தைக் கோடிட்டு விடு. ஒரு பக்கத்துக்கு மேற்படலாகாது. எழுதுமுன் வேறு விவரம் வேண்டுமானால் என்னைக் கேள்."

இந்த ஏவலில் மந்திரம் ஒன்றும் இல்லை. எழுதுபவன் யார், பெறுபவர் யார், நடந்தது என்ன, வேண்டுவது என்ன, வேண்டாதது என்ன, அளவு எவ்வளவு, தெரியாததை என்ன செய்வது என்னும் ஏழு விஷயங்கள் இருக்கின்றன. "எழுதுமுன் என்னைக் கேள்" என்ற கடைசி வாக்கியம், வக்கீல் செய்யும் குறுக்கு விசாரணையை யந்திரத்தின் மேல் ஏற்றிவிடுகிறது. "கோடிட்டு விடு" என்ற வாக்கியமோ அதனினும் முக்கியமானது. தெரியாது என்று சொல்ல யந்திரத்திற்கு நாம் அனுமதி கொடுக்காவிட்டால், அது தெரிந்தது போல நடித்து விடுவதே வழக்கம்.

நிற்க, முன்மாதிரி ஒன்றைக் காட்டுவதும் மிகவும் பயன் தருவது. 2020-ஆம் வருஷத்தில் ஜிபிடி-3 என்னும் யந்திரத்தைப் பற்றி வெளியான ஆராய்ச்சிக் கட்டுரை, ஏவலிலேயே இரண்டு மூன்று உதாரணங்களை வைத்துக் காட்டினால் புதிய பயிற்சி இல்லாமலே அம்முறையை யந்திரம் பின்பற்றுகிறது என்பதை நிரூபித்தது. முன்னர் வெற்றி பெற்ற ஒரு நல்ல விண்ணப்பம் உங்கள் சங்கத்தின் கட்டில் இருக்குமானால், அதனை முன் வைத்து, "இந்த அமைப்பில் எழுது" என்று சொல்லுங்கள். பழைய விண்ணப்பத்தின் பெயரும் தேதியும் புதியதில் புகுந்துவிடாதபடி அவற்றை முதலில் நீக்கிவிட வேண்டும்.

சிக்கலான விவகாரமானால் ஒரே மூச்சில் கேட்கலாகாது. படிப்படியாகச் சிந்திக்கும்படி ஏவினால் கணக்கிலும் தருக்கத்திலும் விடை திருந்துகிறது என்று 2022-ஆம் வருஷத்தில் வெளிவந்த ஆராய்ச்சிகள் காட்டின. இப்பொழுது சில புதிய யந்திரங்கள் சொல்லாமலே அவ்விதம் செய்கின்றன. எனினும் முதலில் நிகழ்ச்சிகளின் தேதிவாரி ஜாபிதா, பிறகு தீர்மானிக்க வேண்டிய பிரச்னைகள், அதற்குப் பிறகு மனுவின் நகல் என்று பகுத்துக் கேட்பதில் நமக்கே ஒரு லாபம் உண்டு. தவறு எந்தப் படியில் நுழைந்தது என்பது உடனே கண்ணுக்குத் தெரியும். நீண்ட அரசாணையையோ தீர்ப்பையோ பற்றிக் கேட்பதாயின், அதன் மூலத்தையே முன் வைத்துக் கேட்க வேண்டும். யந்திரத்தின் ஞாபகத்தை நம்பலாகாது. அவ்விதம் வைத்தாலும், நீண்ட எழுத்தின் நடுப்பகுதியில் உள்ளதை யந்திரங்கள் நழுவவிட்டுவிடுவதாக 2023-ஆம் வருஷத்து ஆராய்ச்சி ஒன்று கண்டது. ஆதலால் முக்கியமான பாராவைத் தனியே எடுத்துக் கொடுப்பது நலம்.

இனி, நமது அரசியல் ஊழியர்கள் விசேஷமாகக் கவனிக்க வேண்டியதொன்று உண்டு. சாட்சியை விசாரிக்கையில், விடையைக் கேள்வியிலேயே ஊட்டிவிடும் கேள்வியை நம் தரப்புச் சாட்சியிடம் கேட்கலாகாது என்பது சட்டத்தின் பொது விதி. 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் அமலுக்கு வந்துள்ள புதிய சட்டத்திலும் இருக்கிறது. இந்த யந்திரம் நம் தரப்புச் சாட்சியிலும் மிக இளகிய சாட்சி. "இந்தத் திட்டம் ஜனங்களுக்கு விரோதமானதுதானே?" என்று கேட்டால், ஆம் என்று தொடங்கிப் பத்துக் காரணம் சொல்லும். "இத்திட்டம் நன்மையானதுதானே?" என்று வேறொருவர் கேட்டால், அதற்கும் ஆம் என்று பத்துக் காரணம் சொல்லக்கூடும். கேட்பவர் மனத்துக்கு இசைந்து பேசும் இக்குணம் ஆராய்ச்சியாளர்களாலும் கண்டறியப்பட்டதே. தம் கட்சியின் அபிப்பிராயத்தை ஊட்டி, அதையே விடையாகப் பெற்று, "கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது" என்று மேடையில் முழங்குவோரை நாம் காண்கிறோம். இது தன் குரலின் எதிரொலியைக் கேட்டு மகிழ்வதேயன்றி வேறென்ன?

இதற்கு மாற்று உண்டு. "நீ எதிர்க்கட்சி வக்கீல், என் மனுவில் உள்ள பலவீனங்களை எடுத்துக் காட்டு" என்று ஏவுங்கள். "இதற்கு அதிகாரி என்ன ஆக்ஷேபம் சொல்லக்கூடும்?" என்று கேளுங்கள். நம்மைப் புகழும் யந்திரத்தால் நமக்குக் கிடைப்பது சந்தோஷம். நம்மை எதிர்க்கும்படி ஏவப்பட்ட யந்திரத்தால் கிடைப்பது ஆயுதம்.

ஏவல் எவ்வளவு செம்மையாக இருப்பினும், வந்த விடையைச் சரிபார்க்கும் கடமை தீர்ந்துவிடாது. அமெரிக்காவில் நியூயார்க்கு நகரத்து பெடரல் கோர்ட்டில், ஆவியாங்கா என்ற விமானக் கம்பெனியின் மேல் ஒரு பிரயாணி தொடுத்த வழக்கில் நடந்ததை நேயர்கள் அறிந்திருக்கலாம். பிரயாணியின் தரப்பு வக்கீல்கள் யந்திரம் எழுதிக் கொடுத்த முன்தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனுத் தாக்கல் செய்தனர். அத்தீர்ப்புகள் உலகில் எங்கும் இல்லாதவை. இவ்வழக்கு உண்மையானதுதானா என்று அந்த யந்திரத்தையே திரும்பக் கேட்டதற்கு, உண்மையானதே என்று அது உறுதி கூறிற்று. 2023-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். ஒரு சாட்சியின் வாக்குமூலத்திற்கு அதே சாட்சி ஆதாரமாக முடியாது என்பது சட்டம் படிக்கும் மாணாக்கனுக்கும் தெரிந்த விஷயம். கையெழுத்திட்டவனே பொறுப்பாளி, யந்திரத்திற்குக் கையெழுத்தும் இல்லை, மானமும் இல்லை. ஏரி மனுவில் ஒரு பொய் எண் இருந்துவிட்டால், அதிகாரி அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு உண்மையான ஒன்பதையும் குப்பையில் எறிவார். நஷ்டம் எழுதியவருக்கு மட்டுமா? தண்ணீருக்காகக் காத்திருக்கும் ஆயக்கட்டு முழுவதற்கும் அன்றோ?

தமிழில் ஏவுவதைப் பற்றித் தனியே சில வார்த்தைகள். ஜிபிடி-3 யந்திரத்தின் பயிற்சிக்குப் பயன்பட்ட எழுத்தில், சொல் கணக்குப்படி நூற்றுக்கு 93 பங்கு ஆங்கிலமாக இருந்தது. எஞ்சிய 7 பங்கை உலகத்து மற்றெல்லா மொழிகளும் பகிர்ந்துகொண்டன. மேலும், கம்ப்யூட்டரில் வழங்கும் பொது முறையில் 'நீதி' என்ற இரண்டெழுத்துச் சொல்லைப் பதிய 12 பைட் வேண்டும். அதே பொருளுடைய ஏழெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு 7 பைட் போதும். இதனால் யந்திரம் தமிழைச் சிறு சிறு துண்டுகளாக உடைத்துப் படிக்க நேர்ந்தது. புதிய யந்திரங்களில் இக்குறை குறைந்து வருகிறது. ஆயினும் ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழில் எழுதியது போன்ற நடை இன்னும் போகவில்லை. அதற்காகத் தமிழைக் கைவிட்டு ஆங்கிலத்தில் ஏவுவதே வழி என்று சிலர் உபதேசிக்கின்றனர். அவ்வுபதேசம் நமக்குச் சம்மதமன்று. மதகு, கலிங்கு, ஆயக்கட்டு, அடங்கல், சிட்டா என்று ஊரில் வழங்கும் சொற்களை ஏவலிலேயே எழுதி, "இச்சொற்களையே வழங்கு" என்று கட்டளையிடுங்கள். நல்ல தமிழில் எழுதிய ஒரு பாராவை மாதிரியாகக் கொடுங்கள். வந்த வாக்கியம் தமிழாக இல்லையெனில் திருப்பி அனுப்புங்கள்.

சங்க அங்கத்தினர்களின் பெயர்ப் பட்டியலையும், ஆதார் எண்களையும், புகார் கொடுக்க அஞ்சி இரகசியமாகத் தகவல் தந்த ஏழையின் பெயரையும் யந்திரத்தில் எழுதலாகாது. ஏவலில் எழுதுவது பெரும்பாலும் எங்கோ உள்ள கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேருகிறது. பெயருக்குப் பதில் 'மனுதாரர்' என்று எழுதினால் மனு கெட்டுவிடாது. பெயரைப் பிறகு நம் கையாலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு விரிவாக நாம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. கம்பெனியார் காலத்தில், ஆளுவோர் பாஷை ஜனங்களுக்குத் தெரியாது. ஜனங்கள் பாஷை ஆளுவோருக்குத் தெரியாது. இரண்டும் அறிந்த துபாஷிகள் நடுவில் நின்றனர். சென்னைப் பட்டணத்தில் அவர்கள் அடைந்த செல்வமும் செல்வாக்கும் சரித்திரம் அறிந்தவை. சுதந்திரம் பெற்ற தேசத்தில் அந்த இடைத்தரகு வேண்டாம் என்பதற்காகவே, எந்த அதிகாரிக்கும், ராஜ்யத்தில் வழங்கும் பாஷையில் குறையிரந்து மனுச் செய்யும் உரிமை 1950-ஆம் வருஷத்து அரசியலமைப்பின் 350-வது ஷரத்தில் ஒவ்வொருவருக்கும் அளிக்கப்பட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டமும் அந்தந்தப் பிரதேசத்தின் ஆட்சி மொழியில் விண்ணப்பிக்கலாம் என்று கூறுகிறது. இப்பொழுது யந்திரத்தை ஏவத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற புதுப் பிரிவினை தோன்றப் பார்க்கிறது. ஏவல் எழுதுவது ஏதோ மறைபொருள் என்று பயமுறுத்தி அதற்குக் கூலி வாங்கும் புதிய துபாஷிகளும் புறப்பட்டிருக்கின்றனர். தன் குறை இன்னதென்று ஒழுங்காகச் சொல்லத் தெரிந்த விவசாயி எவனும் ஏவல் எழுத வல்லவனே என்று நாம் உறுதியாகச் சொல்லுவோம்.

நமது பாஷைகளில் யந்திரங்களை வளர்க்கும் முயற்சி தேசத்திலும் நடந்து வருகிறது. இந்திய சர்க்காரின் பாஷிணி திட்டம் 2022-ஆம் வருஷத்தில் தொடங்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யைச் சார்ந்த ஆராய்ச்சியாளர்கள் அட்டவணையில் கண்ட 22 பாஷைகளுக்கும் மொழிபெயர்ப்பு யந்திரம் ஒன்றை 2023-ஆம் வருஷத்தில் வெளியிட்டனர். இவை வளர வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் யந்திரம் சுதேசியமானால் மட்டும் போதாது. ஏவுகிறவன் சிந்தனையும் சுதந்திரமாக இருத்தல் வேண்டும்.

ஒவ்வொரு கிராமத்து வாசகசாலையிலும், ஒவ்வொரு சங்கத்திலும், மாதத்தில் ஒரு நாள் மாலையை இதற்கென ஒதுக்குவார்களாக. ஊரின் உண்மையான குறை ஒன்றை எடுத்துக்கொண்டு, கண்டதென்ன, கேட்டதென்ன, வேண்டுவதென்ன என்று முதலில் காகிதத்தில் எழுதட்டும். பிறகு யந்திரத்தை ஏவட்டும். வந்ததை நால்வர் கூடி வரி வரியாகச் சோதித்து, பொய்யையும் வெற்றலங்காரத்தையும் அடித்துவிட்டு, மிஞ்சியதில் ஊரார் கையெழுத்திடட்டும். அத்தகைய மனு ஒரு பக்கமே ஆயினும், அதனைக் குப்பையில் எறிய எந்த அதிகாரிக்கும் துணிவு வராது.